சிபிலில் பழைய பாக்கியா? வீட்டுக் கடன் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

2022 ஆடியில் மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்தோம். பிடித்துவிட்டது. ஆவணி பிறந்ததும் முன்பணம் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போனேன். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் பக்காவாக இருந்தன. லோன் அதிகாரி என் பான் எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மானிட்டரை என் பக்கம் திருப்பினார். "சார், 2018-ல ஒரு கார்டு செட்டில்மென்ட் போட்டிருக்கீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. வேலை இல்லாமல் இருந்த ஏழு மாதத்தில் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு அது. வட்டியும் அபராதமும் ஏறி 63,000 ஆகிவிட்டது. ஒருநாள் கலெக்‌ஷன் ஏஜென்ட் போன் செய்து, "22,000 கட்டுங்க சார், மேட்டர் க்ளோஸ்" என்றார். கட்டினேன், போன் வருவது நின்றது, நானும் மறந்துவிட்டேன். மீதி 41,000 ரூபாயை அந்த வங்கி நஷ்டக் கணக்கில் எழுதிக்கொண்டதை என் சிபில் அறிக்கை (யார் எந்தக் கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று வங்கிகளுக்குக் காட்டும் பதிவு) நான்கு வருடமாகப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. லோன் கிடைக்கவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

2024 ஜூனில் மறுபடி விண்ணப்பித்து வாங்கினேன். இடையில் போன ஏறக்குறைய இரண்டு வருடத்தில் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது, எதையெல்லாம் முன்பே செய்திருக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறை வீட்டுக் கடன் வாங்கப் போகிறீர்கள், பழைய பாக்கி ஏதோ ஒன்று மனதை உறுத்துகிறது என்றால் பொறுமையாகப் படியுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்கியைத் தீர்க்காமல் சும்மா காத்திருக்கிற வருடம் எதுவும் கணக்கில் சேராது. கணக்கு முழுதாக முடிந்த தேதியிலிருந்துதான் உங்கள் காத்திருப்பே தொடங்குகிறது.

தானாக அழியுமா?

இரண்டு நம்பிக்கைகள் நம்மிடையே சுற்றுகின்றன. முதலாவது, "மூணு வருஷம் தாண்டிட்டா கடன் காலாவதி" என்பது. காலவரம்புச் சட்டப்படி, கடனை வசூலிக்க வழக்குப் போட வங்கிக்குப் பொதுவாக மூன்று வருடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது நீதிமன்றம் சம்பந்தப்பட்ட விஷயம். வழக்குப் போட முடியாமல் போனாலும் சிபிலில் உங்கள் பெயருக்கு நேரே பாக்கி அப்படியே நிற்கும். வீட்டுக் கடன் தரப்போகும் அதிகாரி பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருந்து வருவது. லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், "ஆறு வருஷம் வெயிட் பண்ணுண்ணே, டிஃபால்ட் தானா போயிடும்" என்றான். பிரிட்டனில் அப்படித்தான், பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் டிஃபால்ட் (கட்டத் தவறியது) பதிவான தேதியிலிருந்து ஆறு வருடத்தில் அது அறிக்கையை விட்டு நீங்கிவிடும். அங்கே இருப்பவர்கள் அதைக் கணக்குப் பண்ணியே வீடு வாங்கும் வருடத்தை முடிவு செய்கிறார்கள். நம்மூரில் விதி வேறு மாதிரி. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. குறைந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏழு வருடம் முடிந்த மறுநாள் அழித்துவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. கட்டப்படாத கணக்கு என்றால் வங்கி புதுப்புதுத் தேதியோடு தகவல் அனுப்பிக்கொண்டும் இருக்கலாம்.

ஆக, நாள்காட்டியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

முதலில் அறிக்கையை எடுங்கள், நான்கையும்

சிபில் சிபில் என்று எல்லோரும் சொன்னாலும், இந்தியாவில் கடன் விவரங்களைத் திரட்டி அறிக்கை தரும் நிறுவனங்கள் நான்கு: ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஜெராக்ஸ் என்றால் எல்லா நகலுக்கும் பெயர் என்பது போலத்தான் சிபில் என்ற சொல்லும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இந்த நான்கும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்கள் தளத்துக்கே நேராகப் போய், பான், மொபைல் எண் கொடுத்து ஓடிபி போட்டால் வந்துவிடும். மாதச் சந்தா கட்டச் சொல்லிப் பெரிய பட்டன் ஒன்று கண்ணில் படும். இலவச அறிக்கைக்கான இணைப்பு அதைவிடச் சின்ன எழுத்தில் எங்காவது இருக்கும். தேடுங்கள்.

நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் (கடன் கட்டிய விதத்துக்கு அதில் போடும் மதிப்பெண்) குறையாது. "அடிக்கடி பாத்தா குறைஞ்சிடும்" என்று பயந்து பார்க்காமல் இருப்பவர்கள் நிறைய. கடன் கேட்டு விண்ணப்பித்து, அதற்காக ஒரு வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும்.

நான்கையும் ஏன் எடுக்க வேண்டும்? எந்த வங்கி எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்க்கும் என்பது நம் கையில் இல்லை. என் விஷயத்தில் சிபிலில் மாறிய பதிவு, இன்னொன்றில் ஐந்து மாதம் கழித்தும் பழையபடியே இருந்தது. தெரு முனை ஜெராக்ஸ் கடையில் நான்கையும் பிரின்ட் எடுத்து, ஸ்கெட்ச் பேனாவோடு உட்கார்ந்து வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது. போனில் பார்த்தால் தப்பிவிடும், பிரின்ட் எடுத்துவிடுங்கள்.

எந்தெந்த வரியைப் பார்ப்பது

ஸ்கோர் 300 முதல் 900 வரை. எல்லோரும் அந்த எண்ணையே பார்ப்பார்கள். 750-க்கு மேல் இருந்தால் நல்லது என்பதும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் கடன் அதிகாரி அதற்குக் கீழேயும் படிப்பார். 760 ஸ்கோர் இருந்தும் ஒரே ஒரு சொல்லுக்காகக் கடன் மறுக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சொற்கள்தான் முக்கியம்.

ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிலை போட்டிருக்கும். "க்ளோஸ்டு" என்றால் முழுதும் கட்டி முடித்தது. "செட்டில்டு" என்றால் பாதியோ முக்காலோ வாங்கிக்கொண்டு வங்கி விட்டுக்கொடுத்தது. "ரிட்டன் ஆஃப்" என்றால் வராது என்று வங்கி தன் புத்தகத்தில் நஷ்டமாக எழுதியது. இதைக் கடன் தள்ளுபடி என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நஷ்டமாக எழுதியது வங்கியின் கணக்கு வழக்குக்காக. உங்கள் கடன் அப்படியே இருக்கிறது. "சூட் ஃபைல்டு" என்றால் வழக்கு. இந்த நான்கில் முதலாவதைத் தவிர மற்ற மூன்றும் வீட்டுக் கடனுக்கு முள்தான்.

அப்புறம் மாத வாரியான கட்டங்கள். வங்கி கடைசியாகத் தகவல் அனுப்பிய மாதத்திலிருந்து பின்னோக்கி 36 மாதம் வரை இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் தாமதம் என்று ஒரு எண். 000 என்றால் சரியாகக் கட்டியது. 030, 060 என்றால் அத்தனை நாள் பின்தங்கியது. 90 நாளைத் தாண்டினால் கணக்கே வாராக்கடனாகிவிடும். அப்போது எண்ணுக்குப் பதில் எஸ்யூபி, டிபிடி, எல்எஸ்எஸ் மாதிரி எழுத்துகளும் வரலாம். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு என்றால், புதுக் கட்டங்கள் சேரச் சேரப் பழைய தாமதங்கள் பின்னால் நகர்ந்து வெளியேறிவிடும். முடிந்துபோன கணக்கில் கடைசி 36 மாதமும் அப்படியே உறைந்து நிற்கும். காத்திருப்பால் உண்மையில் பலன் கிடைக்கும் இடம் எது என்பது இதில் தெரியும். ஓடும் கணக்கில் ஒன்றிரண்டு மாதம் தவறியவருக்குக் காலமே மருந்து. முடிக்காமல் விட்ட கணக்குக்கு அந்த மருந்து வேலை செய்யாது.

இன்னும் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, கணக்கின் உரிமை. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் "கியாரண்டர்" என்ற பெயரில் வரும். மச்சான் பைக் லோனுக்குப் போட்ட கையெழுத்து, தங்கை கல்விக் கடனில் சேர்ந்து போட்ட கையெழுத்து இரண்டும் இதில் அடக்கம். அவர்கள் கட்டாத மாதம் உங்கள் கணக்கில்தான் கறை. என் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான். பைக் லோனைப் பற்றி வீட்டில் பேச்செடுத்ததும் மச்சான் இரண்டு மாதம் பேசவில்லை. கடைசியில் இவரே கட்டி முடித்தார்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். இது நம்மூருக்கே உரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் விரிந்து பின்னால், வங்கியில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருக்கும். சென்னையில் ஒரே இனிஷியலோடு எத்தனை செந்தில்குமார்கள் இருப்பார்கள் யோசியுங்கள். வேறொருவர் கடன் உங்கள் அறிக்கையில் வந்து உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. முகவரி, பிறந்த தேதி, பான் மூன்றையும் சரிபாருங்கள்.

மூன்றாவது, 2020. அந்த வருடம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த, தவணையைத் தள்ளிப்போடும் சலுகையை முறைப்படி எடுத்திருந்தால், அந்த மாதங்களைத் தாமதமாகக் காட்டக்கூடாது. காட்டியிருந்தால் திருத்தக் கேட்கலாம்.

பாக்கியைத் தீர்ப்பது

இங்கேதான் பலர் அவசரப்பட்டு நான் செய்த தவறையே செய்கிறார்கள். ஏஜென்ட் போன் செய்து பாதியில் முடித்துத் தருகிறேன் என்பார். வீட்டுக் கடன் எண்ணமே இல்லாதவருக்கு, கையில் காசும் இல்லாதவருக்கு, அது நல்ல ஏற்பாடாகக்கூட இருக்கலாம். வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் செட்டில்மென்ட் போடாதீர்கள். பேசுவதானால் வட்டியையும் அபராதத்தையும் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள், ஆனால் "குறைத்த தொகையைக் கட்டினால் க்ளோஸ்டு என்று பதிவு செய்வீர்களா, செட்டில்டு என்றா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் எழுத்தில் வந்தபின் கட்டுங்கள். வாயால் சொன்னது எதற்கும் உதவாது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிக்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். அங்கே வழக்கு முடியும், விட்டுக்கொடுத்த தொகை இருந்தால் அறிக்கையில் செட்டில்டு என்று வர வாய்ப்பு உண்டு.

யாரிடம் கட்டுவது என்பதும் குழப்பமாக இருக்கும். பழைய வாராக்கடன்களை வங்கிகள் மொத்தமாகச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுகின்றன. அறிக்கையில் கேள்விப்படாத நிறுவனத்தின் பெயர் இருந்தால் பதறாதீர்கள், பெரும்பாலும் அதுதான். முதலில் பழைய வங்கிக்கு எழுதி, இந்தக் கணக்கு உங்களிடம் இருக்கிறதா, விற்றாயிற்றா, விற்றது யாருக்கு என்று கேளுங்கள். யாரிடம் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்டின் சொந்த எண்ணுக்கு ஜிபே போடவே போடாதீர்கள். ரொக்கமாகவும் வேண்டாம்.

ஏற்கெனவே செட்டில்டு ஆகிவிட்டதா? வழி இருக்கிறது, கொஞ்சம் வலிக்கும். வங்கி அன்று விட்டுக்கொடுத்த தொகையை இப்போது கட்டி, பதிவை க்ளோஸ்டு என்று மாற்றச் சொல்லிக் கேட்கலாம். எல்லா வங்கியும் உடனே ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். நான் அந்த 41,000-ஐக் கட்டத் தயார் என்று எழுதியபோது, அண்ணா சாலைக் கிளையில் இருந்தவருக்கே ஆச்சரியம். "நாலு வருஷம் கழிச்சு யாரும் வந்து கட்ட மாட்டாங்க சார்" என்றார். மூன்று தடவை நடந்தபின் 2022 நவம்பரில் கட்டினேன்.

கட்டியதும் கையோடு நோ டியூ கடிதம் வாங்குங்கள். லெட்டர்ஹெட்டில், கணக்கு எண்ணோடு, "முழுத் தொகையும் பெறப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை, கணக்கு முடிக்கப்பட்டது" என்று இருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்த கடிதத்தில் "செட்டில்மென்ட் தொகை பெறப்பட்டது" என்றே பழைய வாசகம் இருந்தது. பார்க்காமல் வாங்கி வந்திருந்தால் கட்டிய 41,000 வீண். கவுன்டரிலேயே நின்று படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, வேறு வாங்கினேன். இந்தக் கடிதத்தையும் பணம் போன ரசீதையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். டிசம்பர் மழையில் கீழ்த்தளத்து பீரோவில் தண்ணீர் ஏறி எல்லாம் கூழாகிப்போன வீடுகள் நம்மூரில் எத்தனையோ.

பதிவு மாறியதா என்று பாருங்கள்

2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதனால் கட்டி ஒரு மாதத்தில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே "டிஸ்ப்யூட்" போடலாம், கட்டணம் இல்லை. சிபில் தானாக எதையும் மாற்றாது. வங்கியைக் கேட்டு, வங்கி ஆமாம் என்றால்தான் மாற்றும். ஆகவே வங்கிக்கும் ஒரே நாளில் புகார் போடுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

முப்பது நாளில் அவர்கள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டது; 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. என் காலத்தில் இது இல்லை. இரண்டு புகார், கணக்கில்லாத போன் என்று 2023 ஜனவரியில்தான் சிபிலில் மாறியது. இப்போது போடுகிறவர்கள் புகாரிலேயே இந்த விதியைக் குறிப்பிடலாம், வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும். முப்பது நாள் தாண்டியும் பதில் இல்லை, அல்லது சமாதானமாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பு அதிகாரியிடம்) இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். வக்கீல் தேவையில்லை.

மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்குமே, "சிபில் சரி செய்து தரப்படும், 100% உத்தரவாதம்" என்று. அந்த எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். தவறான பதிவை நீங்களே காசில்லாமல் திருத்தலாம். சரியான பதிவை அவராலும் திருத்த முடியாது. ஐந்தாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கொண்டு அதே டிஸ்ப்யூட் படிவத்தைத்தான் அவரும் நிரப்புவார், கூடவே உங்கள் பானும் ஆதாரும் ஓடிபியும் அவர் கைக்குப் போயிருக்கும்.

காத்திருக்கும் மாதங்களில்

கணக்கு முடிந்தது, பதிவும் மாறியது. இனி புதிதாக நல்ல கட்டங்கள் சேர வேண்டும். எந்தக் கடனும் இல்லாமல் இருந்தால் கட்டம் எதுவும் சேராது. இதை நான் லேட்டாகத்தான் புரிந்துகொண்டேன். பயத்தில் கார்டே வேண்டாம் என்று நான்கு வருடம் இருந்ததில், என் அறிக்கையில் அந்தப் பழைய கறையைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

யாரும் கார்டு தராத நிலையில் எளிய வழி, நிரந்தர வைப்பின் பேரில் தரும் கார்டு. நான் 25,000 ரூபாய் வைப்புப் போட்டு ஒன்று வாங்கினேன். அதில் மாதம் பெட்ரோலும் மின்கட்டணமும் மட்டும் போட்டு, முழுத் தொகையையும் ஆட்டோ டெபிட்டில் விட்டேன். லிமிட்டில் முப்பது சதவீதத்துக்கு மேல் தொடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது வட்டியில் கொண்டுபோய் விடும், அந்த வேலையே வேண்டாம்.

இந்த மாதங்களில் வேறு கடன் கேட்காதீர்கள். போன் வாங்கும் கடையில் "ஜீரோ வட்டி இஎம்ஐ சார், ஒரு ஓடிபி மட்டும்" என்பார்கள். அதுவும் கடன்தான், அதற்கும் ஒரு விசாரணை பதிவாகும். செயலியில் பத்து நாள் கழித்துக் கட்டும் வசதியும் அப்படியே. நகைக் கடனும் அறிக்கையில் வருகிறது. வட்டி கட்டத் தவறி ஏலம் வரை விட்டால் அதுவும் பதிவாகும். மனைவியோ கணவரோ சேர்ந்து விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்றால் அவர் அறிக்கையையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். இருவர் சம்பளத்தையும் காட்டினால் இருவர் சிபிலும் பார்க்கப்படும்.

கூடவே கைக்காசு சேருங்கள். வீட்டு மதிப்பில் வங்கி எவ்வளவு தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேலே 75 சதவீதம். 60 லட்சத்துக்கு ஒரு மறுவிற்பனை ஃப்ளாட் என்று வையுங்கள். அதிகபட்சம் 48 லட்சம் கடன், கையிலிருந்து 12 லட்சம். பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 5.4 லட்சம், அதையும் நாம்தான் போட வேண்டும். மொத்தம் 17.4 லட்சம். இதைக் கேட்டதும் காத்திருப்பு அவ்வளவு கசக்காது, எப்படியும் சேர்க்க நாள் ஆகும்.

எவ்வளவு காலம்?

எல்லோரும் கேட்பது இதைத்தான், சட்டத்தில் இதற்கு எண் இல்லை. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கொள்கை. நான் பார்த்த வரையில் என் கணிப்பு இது: ஒன்றிரண்டு தவணை முப்பது நாள் தவறியிருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் சுத்தமாகக் கட்டியபின் கேட்கலாம். செட்டில்டு க்ளோஸ்டாக மாறியது என்றால் ஒன்றரை வருடமாவது விடுங்கள். ரிட்டன் ஆஃப் ஆகிக் கட்டி முடித்தது என்றால் இரண்டு வருடத்துக்கு முன் போய் நிற்பது வீண் அலைச்சல். தொகை சின்னது, காரணம் புரியக்கூடியது என்றால் சில அதிகாரிகள் முன்பே ஒத்துக்கொள்வார்கள்.

காத்திருப்பதே எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டேன். வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது, பிடித்த ஏரியாவில் விலையும் ஏறலாம். வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் சில, குறைந்த ஸ்கோருக்கும் கூடுதல் வட்டியில் தருகின்றன. மாறும் வட்டியில் எடுத்தால், தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் வாங்கக்கூடாது என்பது விதி. அதனால் இரண்டு மூன்று வருடம் கழித்து வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். பிராசஸிங் கட்டணமும் அடமானப் பதிவுச் செலவும் இன்னொருமுறை வரும். ஒரு சதவீத வித்தியாசமா, மூன்று சதவீதமா என்று பேப்பரில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் போட்டுப் பார்த்தேன், எனக்குக் கட்டுப்படியாகவில்லை. என்னோடு வேலை செய்தவர் ஒருவர் அம்பத்தூரில் அப்படித்தான் எடுத்தார், அவருக்கு அது சரியாக அமைந்தது.

விண்ணப்பிக்கும்போது

முன்பணம் கொடுப்பதற்கு முன் வங்கிக்குப் போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். வருமானத்தையும் சிபிலையும் மட்டும் வைத்து, வீடு முடிவாவதற்கு முன்பே தகுதிக் கடிதம் தரும் வங்கிகள் உண்டு. ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்றால் "வங்கிக் கடன் கிடைக்காத பட்சத்தில் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பில்டரிடம் வாங்குகிறீர்கள் என்றால், ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக்கூடாது.

ஒரே சமயத்தில் ஐந்து வங்கியில் போடாதீர்கள். லோன் ஏஜென்ட்கள் "எல்லாத்துலயும் போட்டு வைப்போம் சார், எது வருதோ வரட்டும்" என்பார்கள். ஐந்து விசாரணையும் அறிக்கையில் வரிசையாக நிற்கும். உங்கள் சம்பளம் வரும் வங்கியில் முதலில் கேளுங்கள். கணக்கு ஓட்டம் அவர்கள் கண் முன் இருக்கிறது. இல்லை என்றால் காரணத்தைக் கேட்டுவிட்டு அடுத்த இடம்.

பழைய கதையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கண்டுபிடித்துக் கேட்கும்போது விழிப்பதைவிட அது எவ்வளவோ மேல். அரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம்: எப்போது, எதனால் தவறியது, எந்தத் தேதியில் முழுதும் கட்டினேன், அதன்பின் எப்படி. அதோடு நோ டியூ கடிதம், பணம் போன ரசீது, புது அறிக்கை. மருத்துவச் செலவு, வேலை இழப்பு என்றால் அதற்கான தாள் ஏதாவது இருந்தால் சேருங்கள். உருக்கமாக எழுத வேண்டாம், தேதிகள் போதும். கடன் கிடைத்தாலும் ஸ்கோரைப் பொறுத்து வட்டி கால், அரை சதவீதம் மாறலாம், பேசிப் பாருங்கள்.

2024 ஜூனில் நான் போனது வேறு வங்கி, வேளச்சேரிப் பக்கம். ஃபைலைத் திறப்பதற்கு முன்பே, "மேடம், பழைய கார்டு ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிடறேன்" என்று கடிதத்தை நீட்டினேன். அவர் படித்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். உள்ளே எழுந்து போய் மேனேஜரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நோ டியூ கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தவர், பேனா மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்: "சரி சார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டாச்சா? தாய்ப்பத்திரம் ஒரிஜினல் யார்கிட்ட இருக்கு?"